குறட்டை என்று நாம் பெயர் வைத்த நோய்

ஜோகூர் பாருவில் விலங்கு மருத்துவம் பார்ப்பவர்களுக்கு, புல்டாக் ஒன்று கிளினிக்குக்கு வந்திருப்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். கதவு திறக்கும்போதே அந்த இழுப்புச் சத்தம் உள்ளே வரும். மூக்கில் ஓர் உறிஞ்சல், தொண்டையில் ஒரு கரகரப்பு, நாக்கு முழுவதும் வெளியே தொங்க ஓயாத மூச்சிரைப்பு. அழைத்து வந்தவர்கள் சொல்லும் காரணம் வேறாக இருக்கும்: தோல் அரிக்கிறது, காதில் நாற்றம், கண்ணோரம் சிவப்பாக ஏதோ பிதுங்கி நிற்கிறது. மூச்சைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "இந்த ஜாதி நாயே அப்படித்தான் டாக்டர், எல்லாம் குறட்டை விடும்." இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் முதன்மையானது இது: அந்தப் பதிலைத்தான் முதலில் குணப்படுத்த வேண்டும். தோலுக்கு மருந்து உண்டு, கண்ணுக்கு அறுவை உண்டு, மூச்சுக்கும் ஓரளவு வழி உண்டு. ஆனால் நோயை இனத்தின் குணம் என்று நம்பும் வரை எந்த மருத்துவமும் உரிய நேரத்தில் தொடங்காது. அந்தத் தாமதம் குளிர்நாட்டில் நாயின் ஆயுளைக் குறைக்கிறது. நம் ஊர் வெயிலில் ஒரே பிற்பகலில் உயிரையே எடுத்துவிடுகிறது.

இது ஒரு மருத்துவரின் மனக்குறை மட்டுமல்ல, அளந்து பார்க்கப்பட்ட விஷயம். லண்டனில் உள்ள ராயல் வெட்டரினரி கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சுப்பாதை அடைப்பு இருப்பதாக உறுதியான 31 நாய்களின் உரிமையாளர்களிடம் "உங்கள் நாய்க்கு மூச்சுக் கோளாறு உண்டா?" என்று கேட்டார்கள். அவர்களில் 58 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். இவர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். அதே கேள்வித்தாளில், நடக்கும்போது மூச்சிரைப்பதையும், விழித்திருக்கும்போதே குறட்டைச் சத்தம் வருவதையும் அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அறிகுறிகளைப் பார்த்தார்கள், கேட்டார்கள், நினைவில் வைத்திருந்தார்கள். அவற்றுக்கு நோய் என்று பெயர் வைக்க மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. பிறந்தது முதல் ஒரே மாதிரி இருக்கும் ஒன்றை நோயாக நினைப்பது யாருக்கும் கடினம். பக்கத்து வீட்டுப் புல்டாக்கும் அப்படியே மூச்சு விட்டால் சந்தேகம் இன்னும் குறைந்துவிடும். தாமானில் இருக்கும் எல்லாப் புல்டாக்குகளும் ஒரே நோயோடு இருந்தால், அந்த நோயே அங்கே இயல்பு ஆகிவிடுகிறது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை உடற்கூறு தெளிவாகச் சொல்கிறது. முகத்தைக் குட்டையாக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதில் மண்டையோட்டு எலும்பு குறுகியது. அதற்குள் இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறுகவில்லை. நீண்ட மூஞ்சிக்கு உரிய நாக்கும் மென்மையான அண்ணமும் மூக்கின் உள்மடிப்புகளும் ஒரு சின்னப் பெட்டிக்குள் திணிக்கப்பட்டிருக்கின்றன. மூக்குத் துவாரம் வட்டமாகத் திறந்திருக்க வேண்டிய இடத்தில் நகத்தால் கீறியது போல ஒரு கோடு மட்டும் இருக்கிறது. அண்ணத்தின் பின்பகுதி நீண்டு குரல்வளையின் வாயில் மீது தொங்குகிறது. பல நாய்களுக்கு மூச்சுக்குழலே இயல்பைவிட ஒடுக்கம். இந்த ஒடுங்கிய வழியில் காற்றை இழுக்க நாய் ஒவ்வொரு மூச்சிலும் முழு பலத்தையும் போடுகிறது. அந்த இழுவையில் குரல்வளையின் ஓரச் சவ்வுகள் நாளடைவில் வெளியே பிதுங்கி, இருக்கும் கொஞ்ச வழியையும் அடைக்கின்றன. அதே இழுவை இரைப்பையில் இருப்பதையும் மேலே கொண்டுவருவதால், பல புல்டாக்குகள் சாப்பிட்ட சிறிது நேரத்தில் நுரையும் சோறுமாகக் கக்குகின்றன. வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை கொடுக்கப்படும் நாய்களில் பலவற்றுக்கு மூலக் காரணம் தொண்டையில் இருக்கிறது. உட்கார்ந்தபடியே தூங்குவதும், பொம்மையை வாயில் கவ்விக்கொண்டு தூங்குவதும், தாடையை எதன் மேலாவது உயர்த்தி வைத்துத் தூங்குவதும் பார்க்க அழகாக இருக்கலாம். படுத்தால் மூச்சு அடைபடுவதால் அந்த நாய் தானே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம் அது. மருத்துவத்தில் இந்தத் தொகுப்புக்குக் குறுமுக நாய்களின் மூச்சுப்பாதை அடைப்பு நோய் என்று பெயர். கிளினிக்குகளில் போவாஸ் என்று சுருக்கிச் சொல்வோம்.

வெப்பத்தோடு இந்த நோய்க்கு உள்ள உறவுதான் ஜோகூரில் இருப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கிலும் மூக்கின் ஈரமான உள்மடிப்புகளிலும் காற்று உரசி, ஈரம் ஆவியாகிப் போகும்போதுதான் அதன் இரத்தம் குளிர்கிறது. மூஞ்சி நீளமாக இருந்தால் அந்தக் குளிரூட்டும் பரப்பும் அதிகம். தமிழ்நாட்டு வெயிலில் வளர்ந்த ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றின் முகத்தையும், நம் கம்பங்களிலும் தோட்டங்களிலும் திரியும் நாட்டு நாயின் முகத்தையும் பார்த்தால் இது விளங்கும். இந்த மண்ணுக்கு ஏற்ற நாய்களுக்கு மூஞ்சி நீளம்தான். புல்டாக்குக்கு அந்தக் கருவி பாதிகூட இல்லை. போதாததற்கு, நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் ஜோகூரின் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் நிறைந்திருக்கிறது. ஈரக் காற்றில் துணி காயாதது போல நாயின் நாக்கிலிருந்தும் ஈரம் ஆவியாகாது. மூச்சு வேகமாகும், குளிர்ச்சி வராது; வேகமான மூச்சில் தொண்டைச் சதை வீங்கும்; வீங்கிய தொண்டையில் காற்று இன்னும் குறையும்; குறைந்த காற்றை இழுக்கும் உழைப்பே உடம்பை மேலும் சூடாக்கும். 38 முதல் 39 பாகைக்குள் இருக்க வேண்டிய உடல் வெப்பம் 41-ஐத் தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை என்று உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கெடத் தொடங்கும்.

பிரிட்டனில் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான நாய்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, லாப்ரடாரோடு ஒப்பிட்டால் புல்டாக்குக்கு வெப்பத் தாக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 மடங்கு என்றும், பிரெஞ்சு புல்டாக்குக்கு ஆறு மடங்குக்கு மேல் என்றும் கணக்கிட்டது. வெப்பத் தாக்கு வந்த நாய்களில் ஏழில் ஒன்று இறந்துபோனது. இது பனி பெய்யும் நாட்டின் கணக்கு. அங்கே கோடையில் சில வாரங்கள் மட்டும் வரும் ஆபத்து இங்கே தினமும் பகலில் வந்து போகிறது. எனவே ஆங்கிலப் புத்தகங்கள் "கோடையில் கவனம்" என்று எழுதுவதை நாம் "ஆண்டு முழுவதும் கவனம்" என்று படிக்க வேண்டும்.

ஜோகூரின் வாழ்க்கை முறையும் இதில் சேர்கிறது. விடிவதற்கு முன்பே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்பும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த வீடுகளில் நாய் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் தனியாக இருக்கிறது. வரிசை வீட்டின் முன்புறக் கார் கொட்டகை மதியம் ஒரு மணிக்கு மேல் அடுப்பாகிவிடும். மேலே தகரம் அல்லது பிளாஸ்டிக் கூரை, கீழே சூடேறிய சிமெண்டுத் தரை. நாட்டு நாய் அங்கே ஒரு மூலையில் சுருண்டு பொழுதைக் கழித்துவிடும், புல்டாக்கால் முடியாது. தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் வெடிக்கும் பட்டாசில் பயந்து ஓடிச் சுற்றும் நாய்க்கு, இரவு நேரத்தில்கூட உடல் வெப்பம் ஏறிவிடும். சுமத்ராவில் காடு எரியும் ஆண்டுகளில் வரும் புகைமூட்டம் இன்னொரு சோதனை. 2013 ஜூன் 23 அன்று மூவாரில் காற்று மாசுக் குறியீடு 700-ஐத் தாண்டி, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. திடகாத்திரமான மனிதர்களே முகக்கவசம் போட்ட அந்தக் காற்றை, ஏற்கெனவே பாதி அடைத்த மூக்கால் இழுக்கும் உயிரை நினைத்துப் பாருங்கள். அத்தகைய நாட்களில் புல்டாக்கை வெளியே நடத்திச் செல்வதை அறவே நிறுத்திவிட வேண்டும்.

இதிலிருந்து பராமரிப்பின் முதல் விதி தானாகவே வருகிறது: இந்த நாயின் நாளை மூச்சையும் வெப்பத்தையும் சுற்றி அமைக்க வேண்டும். நடை என்றால் காலை ஏழரைக்கு முன், அல்லது இரவு தரை ஆறிய பின். புறங்கையைச் சாலையில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. கழுத்துப் பட்டையை விட்டுவிட்டு மார்பில் மாட்டும் வார் பயன்படுத்த வேண்டும். ஏற்கெனவே அடைத்த தொண்டையைக் கயிறு வேறு இறுக்கக் கூடாது. தனியே விடும் அறையில் ஓடும் விசிறியும், டைல்ஸ் தரையும், இரண்டு இடங்களில் தண்ணீரும் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றுபோனால் வந்து பார்க்க அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் சாவி இருக்க வேண்டும். காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுச் செல்லக் கூடாது. வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் வருவதில்லை.

நாய் தடுமாறினாலோ, எச்சில் கெட்டியாகிக் கயிறு போல் தொங்கினாலோ, ஈறு செங்கல் நிறமாகவோ நீலமாகவோ மாறினாலோ, கிளினிக்குக்கு ஓடுவதற்கு முன்பே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். முதலில் குளிர்வி, பிறகு கொண்டு வா என்பதுதான் இன்றைய மருத்துவ அறிவுரை. குழாய்த் தண்ணீரே போதும். உடம்பு முழுவதும் ஊற்றி விசிறிக் காற்றில் நிறுத்துங்கள். வெதுவெதுப்பான நீர்தான் ஊற்ற வேண்டும் என்பது காலாவதியான பேச்சு. ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள். அது சிறிது நேரத்தில் சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. பிறகு காரின் குளிர்சாதனத்தை முழுவதும் திறந்துவிட்டுப் புறப்படுங்கள். வீட்டில் தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் உள்ளுறுப்புக் கேடு ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டும்.

இரண்டாவது விதி உடல் எடை. உரிமையாளரின் கையில் முழுமையாக இருக்கும் ஒரே மருந்து இதுதான். கழுத்திலும் தொண்டையைச் சுற்றியும் சேரும் கொழுப்பு மூச்சுப்பாதையை வெளியிலிருந்து அழுத்துகிறது. தோலடிக் கொழுப்பு வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. புல்டாக் என்றால் குண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் "குறட்டை விடத்தான் செய்யும்" என்ற அதே நம்பிக்கையின் இன்னொரு முகம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். நம் வீடுகளில் அன்பு சோற்றின் வழியாகவே வெளிப்படுகிறது. விருந்தினர் ஆளுக்கொரு துண்டு ஆட்டிறைச்சி போடும் பெருநாள் முடிந்த மறுநாள், கணைய அழற்சியோடு நாய்கள் வருவது கிளினிக்குகளுக்குப் புதிதல்ல. உணவை அளந்து போடுவதும், தட்டிலிருந்து ஊட்டாமல் இருப்பதும் அந்த நாய்க்குச் செய்யும் சிறந்த உபசாரம்.

மூச்சுக்கு அடுத்தபடியாகப் புல்டாக்கை வாட்டுவது தோல். 2022-இல் வெளியான ராயல் வெட்டரினரி கல்லூரியின் ஆய்வு 2,662 இங்கிலிஷ் புல்டாக்குகளை 22,039 பிற நாய்களோடு ஒப்பிட்டது. ஒரே ஆண்டில் ஏதாவது ஒரு நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு புல்டாக்குக்கு இரண்டு மடங்குக்கு மேல். தோல் மடிப்பு அழற்சிக்கு 38 மடங்கு. கண்ணில் சுரப்பி பிதுங்கும் செர்ரி ஐ நோய்க்கு ஏறத்தாழ 27 மடங்கு. மூச்சுப்பாதை அடைப்புக்கு 19 மடங்கு. முகத்தைக் குட்டையாக்கியபோது மிஞ்சிய தோல்தான் அந்த மடிப்புகள். மடிப்புக்குள் கண்ணீரும் எச்சிலும் தேங்க, ஈஸ்ட் பூஞ்சையும் நுண்ணுயிரிகளும் பெருகுகின்றன. இங்குள்ள காற்றின் ஈரம் அந்த இடத்தைக் காயவிடுவதே இல்லை. தினமும் ஒரு முறை மடிப்பை விரித்து, குளோர்ஹெக்சிடின் கலந்த துடைப்பால் மெதுவாகத் துடைத்து, பிறகு உலர்ந்த பஞ்சால் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். பலர் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். துடைத்து ஈரமாக விடுவது துடைக்காமல் விடுவதைவிடக் கேடு. சுருண்ட வாலின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி இருக்கும். நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்தால் அங்கேயும் பாருங்கள். சுத்தம் என்று நினைத்து ஸ்பிரிட்டோ மஞ்சள் விழுதோ வைக்காதீர்கள். புண்ணான தோலை ஒன்று எரிக்கும், மற்றொன்று ஈரத்தை அடைத்து வைக்கும்.

கண்ணில் சிவப்பு உருண்டை பிதுங்கினால் அதை வெட்டி எடுத்துவிடலாம் என்று ஒரு பழைய பழக்கம் உண்டு. அந்த உருண்டை ஒரு கட்டியல்ல, கண்ணீரில் கணிசமான பங்கைச் சுரக்கும் சுரப்பி. வெட்டினால் சில ஆண்டுகளில் கண் வறண்டு, வாழ்நாள் முழுவதும் சொட்டு மருந்தோடு காலம் தள்ள நேரும். உள்ளே தள்ளித் தைத்துவிடுவதே சரியான அறுவை. இமை உள்ளே மடிந்து முடி கருவிழியில் உரசுவதும் இந்த இனத்தில் சாதாரணம். கண்ணைச் சுருக்கி வைத்திருக்கும் புல்டாக்கை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது, கருவிழிப் புண் ஓரிரவில் ஆழமாகிவிடும். வாலின் அந்தச் சுருளுக்கும் ஒரு விலை உண்டு. 2018-இல் வெளியான மரபணு ஆய்வு, புல்டாக்குகளின் சுருள் வாலையும் முதுகெலும்புக் கோளாறையும் ஒரே மரபணு மாற்றத்தோடு தொடர்புபடுத்தியது. நாம் அழகு என்று தேர்ந்தெடுத்த வாலோடு கோணலான முதுகெலும்பும் சேர்ந்தே வந்தது. பிரெஞ்சு புல்டாக் சோபாவிலிருந்து குதிப்பதைத் தடுக்கச் சொல்வதும், படிக்கட்டில் தூக்கிச் செல்லச் சொல்வதும், பின்னங்கால் தடுமாறினால் அன்றே வரச் சொல்வதும் இதனால்தான். உண்ணித் தடுப்பு மருந்தையும் ஒரு மாதம்கூடத் தவற விடக் கூடாது. எர்லிக்கியா, பபீசியா போன்ற உண்ணிக் காய்ச்சல்கள் எல்லா நாய்க்கும் இரத்தச் சோகை கொடுக்கும். ஆக்சிஜன் ஏற்கெனவே போதாத நாய்க்கு அது இரட்டைச் சுமை.

இந்த இடத்தில் வரும் முதல் மறுப்பு: "அறுவை செய்தால் எல்லாம் சரியாகிவிடுமே?" மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி, நீண்ட அண்ணத்தைக் கத்தரித்து, பிதுங்கிய சவ்வை எடுப்பது நல்ல பலன் தரும் அறுவை. குரல்வளை தளர்ந்துபோகும் முன், இளம் வயதிலேயே செய்தால் பலன் கூடுதல். ஆனால் ஒடுங்கிய மூச்சுக்குழலையோ குறுகிய மண்டையையோ எந்தக் கத்தியாலும் பெரிதாக்க முடியாது. அறுவைக்குப் பிறகு பெரும்பாலான நாய்கள் முன்னைவிட நன்றாக மூச்சு விடுகின்றன. நீண்ட மூஞ்சி நாயைப் போல மூச்சு விடுவதில்லை. மயக்க மருந்தும் இந்த இனத்தில் தனிக் கவனம் கேட்கிறது. மயக்கத்துக்கு முன்பே ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். அறுவை முடிந்ததும் தொண்டையில் செலுத்திய செயற்கைக் குழாயை உருவிவிடாமல், நாய் நன்றாக விழித்துத் தலையைத் தூக்கும் வரை விட்டுவைக்க வேண்டும். மார்பு தரையில் படும்படி படுக்க வைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எந்தக் கிளினிக்கில் அறுவை செய்தாலும், "விழிக்கும்போது யார் கூட இருப்பார்கள்?" என்று கேட்பது உரிமையாளரின் உரிமை.

இரண்டாவது மறுப்பு: "எங்கள் நாய்க்குச் சான்றிதழ் இருக்கிறது, பட்டம் வாங்கிய வம்சம்." வம்சச் சான்றிதழ் தாய் தகப்பன் யார் என்று சொல்கிறது, தொண்டை திறந்திருக்கிறதா என்று சொல்வதில்லை. வரலாற்றைப் பார்த்தால், காளையோடு மோதவிட்ட இந்த நாய்க்கு 1835-இல் இங்கிலாந்துச் சட்டம் அந்தக் கொடிய விளையாட்டைத் தடை செய்த பிறகு வேலை இல்லாமல் போனது. அதன் பின் கண்காட்சி மேடையில் தோற்றத்துக்காகவே இனம் பெருக்கப்பட்டது. பரிசு முகத்துக்குக் கிடைத்ததால் முகம் குறுகிக்கொண்டே போனது. 2012-இல் உலகப் புகழ் பெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் தன் இனத்தில் முதலிடம் பெற்ற புல்டாக், மருத்துவப் பரிசோதனையில் தேறாததால் அடுத்த சுற்றுக்கு அனுமதிக்கப்படவில்லை. பட்டமும் நலமும் வேறு வேறு என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. பிரிட்டனில் 2010-இல் வெளியான ஆய்வு, புல்டாக் பிரசவங்களில் 86 சதவீதம் அறுவைப் பிரசவம் என்று காட்டியது. குட்டியின் தலை தாயின் இடுப்பைவிடப் பெரிது. மனிதர் உதவியில்லாமல் தன் சந்ததியை ஈன முடியாத நிலைக்கு ஓர் இனத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்.

"எல்லா ஜாதி நாய்க்கும் ஏதாவது நோய் உண்டே" என்பது மூன்றாவது மறுப்பு. உண்மைதான், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு, டாக்ஸண்டுக்கு முதுகு. ஆனால் இடுப்புக் கோளாறு நடக்கும்போது வலிக்கிறது. மூச்சடைப்பு உறக்கத்திலும் விழிப்பிலும் ஒவ்வொரு கணமும் கூடவே இருக்கிறது. பிரிட்டனில் 2022-இல் வெளியான ஆயுள் கணக்கில் நாய்களின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 11.2 ஆண்டு, இங்கிலிஷ் புல்டாக்குக்கு 7.4. ஏறத்தாழ நான்கு ஆண்டு வித்தியாசத்தை "எல்லா இனத்திலும் உள்ளதுதான்" என்று தள்ளிவிட முடியாது. வீட்டில் குளிர்சாதனம் இருக்கிறது என்பாரும் உண்டு. இருக்க வேண்டியதுதான். ஆனால் அது அறையைத்தான் குளிர்விக்கிறது, தொண்டையைத் திறப்பதில்லை. மின்வெட்டு வரும் பிற்பகலில், பழுதாகி நிற்கும் காரில், விருந்தாளி கதவைத் திறந்து விட்ட நேரத்தில் அந்த நாயின் உயிர் ஒரு சாதனத்தை நம்பி நிற்கிறது. குளிர்சாதனம் தேவைப்படுகிறது என்பதே அந்த உடல் இந்த ஊருக்குப் பொருந்தவில்லை என்பதற்கான சான்று.

இதைச் சட்டங்களும் மெல்ல ஏற்கத் தொடங்கியுள்ளன. நெதர்லாந்தில் 2019 முதல், மூஞ்சியின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதை அரசு கட்டுப்படுத்துகிறது. நம்மைப் போன்றே வெயிலில் வாழும் தமிழ்நாட்டில், 2024-இல் அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பிரெஞ்சு புல்டாக், பக் உள்ளிட்ட சில வெளிநாட்டு இனங்களை அந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று கூறி அவற்றை இனம் பெருக்குவதற்குத் தடை விதித்தது. மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் தன் விலங்கை வலி, துன்பம், நோய் ஆகியவற்றிலிருந்து காக்க வேண்டும் என்பதைக் கடமையாக்கியிருக்கிறது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும், மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அடிப்பதும் பட்டினி போடுவதும் கொடுமை என்று எல்லாரும் அறிவோம். மூச்சு விடத் திணறும் இரண்டு நாய்களைச் சேர்த்து, அதேபோலத் திணறப் போகும் குட்டிகளைத் தெரிந்தே பிறப்பிப்பதை என்ன பெயரிட்டு அழைப்பது என்று நம் சமூகம் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. இந்தக் கேள்வி எங்கள் தொழிலையும் விடாது. செயற்கைக் கருவூட்டல் செய்வதும் நாங்கள்தான், அறுவைப் பிரசவம் பார்ப்பதும் நாங்கள்தான். தாயைக் காப்பாற்றுவது கடமை. அதே தாயை மறு பருவத்தில் மீண்டும் சேர்க்க வேண்டாம் என்று உரக்கச் சொல்வதும் கடமை. கட்டணம் வாங்கிக்கொண்டு மௌனமாக இருந்தால், "இந்த ஜாதியே அப்படித்தான்" என்ற நம்பிக்கைக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டு விடுகிறோம்.

அப்படியானால் புல்டாக்கே வேண்டாமா? அதன் பொறுமையும், குழந்தைகளிடம் காட்டும் நிதானமும், மனிதர் பக்கத்திலேயே கிடக்க விரும்பும் பாசமும் உண்மையானவை. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நாய்க்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதற்கு ஒரு எளிய சோதனையை எந்த மருத்துவரும் செய்து தர முடியும். பிரிட்டனின் கென்னல் கிளப்பும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் 2019-இல் தொடங்கிய தர மதிப்பீட்டில், நாயின் தொண்டையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, மூன்று நிமிடம் வேக நடையில் நடத்தி, மீண்டும் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் கொடுக்கிறார்கள். அமைதியாக இருக்கும்போது மறைந்திருக்கும் அடைப்பு அந்த மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிடும். குளிர்ந்த அறையில், மருத்துவர் முன்னிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். இனிமேல் வாங்க நினைப்பவர்கள் குட்டியின் அழகை மட்டும் பார்க்காமல், தாயையும் தகப்பனையும் கண்ணால் பார்த்து, அவை நடந்து வரும்போது காதால் கேட்டு, மூக்குத் துவாரம் திறந்திருக்கிறதா என்று பார்த்து, பிரசவம் எப்படி நடந்தது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் வாங்காதீர்கள். வாங்குபவர் கேட்காத வரை விற்பவர் மாற மாட்டார்.

இன்றிரவு உங்கள் புல்டாக் உறங்கும்போது பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்து கேளுங்கள். மூச்சு நடுவில் நின்று, திடுக்கிட்டு எழுந்து, மறுபடியும் படுக்கிறதா என்று பாருங்கள். கைத்தொலைபேசியில் அதைப் பதிவு செய்து, இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நாய்க்கு நம்மைப் போல வேர்க்காது, பேசத் தெரியாது, வேறு எப்படி மூச்சு விடுவது என்றும் தெரியாது. அந்தச் சத்தம் ஒன்றுதான் அது நம்மிடம் சொல்லும் புகார்.